நடுவர் திரும்பிய பக்கம்

அத்தியாயம் – 6

"மாப்பிள்ளை, இந்த வேஷத்துல நீங்க எலெக்ட்ரீஷியன் மாதிரியே இல்ல. எலெக்ட்ரீஷியனைத் தேடிக்கிட்டு வந்த ஆள் மாதிரி இருக்கீங்க."

இப்படிச் சொன்னது என் உதவியாளர். மற்ற துப்பறிவாளர்களுக்கு வாய்க்கிற உதவியாளர்கள் முதலாளி பேசும்போது வாய் பிளந்து கேட்பார்கள். எனக்கு வாய்த்தவர் என் மாமியார். முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பார். வீட்டில் சும்மா இருந்தால் என் மனைவியோடு தினம் ஒரு சண்டை என்பதால், குடும்ப நிம்மதியை முன்னிட்டு என்னோடு அனுப்பி வைக்கப்பட்டார். ஆறு மாதத்தில் நாங்கள் நான்கு வழக்குகளை முடித்திருக்கிறோம். 'நாங்கள்' என்பதை ஒரு மரியாதைக்காகச் சேர்த்திருக்கிறேன்.

"அத்தை, நேரமாச்சு. திட்டம் ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு. நீங்க கண்ணாடிச் சுவருக்கு வெளியே குந்திக்கிட்டு ஒயரை நோண்டணும். நான் உள்ள அந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து அவ கையைப் பாக்கணும். எது கஷ்டமான வேலையோ அது எனக்கு."

ஆரஞ்சு நிற மேல்சட்டையின் ஜிப்பை இழுத்தேன். தொப்பைக்குப் பாதி வழியில் ஜிப் ஒத்துழைக்க மறுத்தது. இந்தச் சட்டையைத் தேடி நான் மூன்று கடை ஏறி இறங்கியிருந்தேன். முதுகில் இரண்டு, மார்பில் இரண்டு என்று பளபளவென வெள்ளிப் பட்டைகள். அசல் பராமரிப்பு ஊழியர் போடுகிற சட்டை. வேஷம் என்றால் அதில் குறை இருக்கக்கூடாது என்பது என் கொள்கை. அந்தக் கொள்கை அன்று என் மானத்தை வாங்கப் போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

வழக்கு இதுதான். நாங்கள் இருந்தது ஒரு விண்வெளி ஆய்வுக்கூடம். அதன் நடுக்கூடத்தில் இடுப்பு உயரத்துக்கு மூன்று ரோபோக்கள் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இடது, வலது என்று அழைக்கப்படும் இரண்டும் ஆளுக்கொரு கண்ணாடியை ஏந்திக்கொண்டு ஒரே நட்சத்திரத்தின் ஒளியைப் பிடிக்கும். பிடித்த ஒளியை நடுவில் நிற்கும் மூன்றாவதற்கு அனுப்பும். அதற்குப் பெயர் நடுவர். இரண்டு ஒளியும் நடுவரிடம் சரியாகச் சேர்ந்தால் திரையில் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் தெரியும். அப்படித் தெரிந்தால் இரண்டு சின்னக் கண்ணாடிகளும் சேர்ந்து, அவற்றுக்கு இடையில் உள்ள தூரம் அளவுக்குப் பெரிய ஒரு தொலைநோக்கிக்குச் சமம். தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்கு தூரம் பிசகினாலும் வரிகள் காலி.

இதே மூன்றையும் பிற்பாடு செயற்கைக்கோள்களாக்கி விண்வெளிக்கு அனுப்புவார்களாம். அதற்கு முன்னால் தரையில் ஓடவிட்டு ஒத்திகை. இந்தக் கூடத்தின் நட்சத்திரம், கோடிச் சுவரில் குண்டூசித் துளைக்குப் பின்னால் எரிகிற ஒரு விளக்கு. முதல் நாள் நான் அதைப் பார்த்து "எத்தனை கோடி மைல்?" என்று கேட்டுத் தொலைத்தேன். பதினெட்டு மீட்டர் என்றார்கள்.

பதினோரு நாட்களாக இந்த வரிகள் திடீர் திடீரென்று அறுந்து போயின. அதுவும் ஒரே ஒருவரின் ஷிப்டில் மட்டும். அவள்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன பொறியாளர். எல்லோரும் அவளைப் 'புதுசு' என்றே அழைத்தார்கள். நடுவருக்குப் பார்வை கொடுக்கிற ப்ரோகிராமை எழுதியவள் அவள்தான். வேண்டுமென்றே அவள் எதையோ கெடுக்கிறாள் என்பது இயக்குநரின் முடிவு. மூன்று மணிக்கு நிபுணர் குழு பார்வையிட வருகிறது. அவர்கள் வருவதற்குள் ஆதாரம் வேண்டும், அவளை வெளியே அனுப்பும் கடிதம் தயார் என்று தன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார் இயக்குநர். நாசவேலை என்று வெளியேற்றப்பட்டால் இந்தத் துறையில் வேறு யாரும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

பத்தரை மணிக்கு எங்களுக்கு ஒதுக்கிய அறையை விட்டு நாங்கள் வெளியே வந்தபோது இயக்குநர் நடைபாதையில் காத்திருந்தார். அறுபதை நெருங்கும் ஒல்லியான மனிதர். ஒரு இடத்தில் நிற்கத் தெரியாதவர்.

"சார், நான் சொன்னபடி கட்டடத்தை விட்டே வெளியே போயிடறேன். தோட்டத்துல இருப்பேன். நான் இல்லைன்னா அவளுக்குத் துணிச்சல் வரும். கையும் களவுமா பிடிச்சிடுங்க."

"கவலையை விடுங்க சார். என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது" என்றேன்.

"அவர் கண்ணுல யாரும் தூவ வேணாம் சார். அவரே போய் எடுத்துக்குவாரு" என்றார் அத்தை.

புதுசு கட்டுப்பாட்டு அறையில் தயாராக இருந்தாள். கூடத்துக்குள் நுழைய வேண்டுமானால் மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் வாசலில் உள்ள பெட்டியில் போட வேண்டும். ஒளி பட்டு மின்னுகிற ஒரு பொருளும் உள்ளே போகக் கூடாது என்பது விதி. கால்களுக்கு அவர்கள் தருகிற கறுப்பு ரப்பர் செருப்பு. ஓட்டம் நடக்கும்போது கூடத்தில் யாருமே இருக்கக் கூடாது. ஆனால் கூடத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, கண்ணாடி. வெளியே நடைபாதை. விருந்தினர்கள் வேடிக்கை பார்க்க ஏற்பாடு.

அந்தக் கண்ணாடி ஓரம், தரையை ஒட்டி இருந்த ப்ளக் பாயின்ட் முன்னால் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முகம் தெரியாமல் இருக்கக் கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டேன். கையில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை மறைத்து வைத்து அதன் வழியே பின்னால் நடப்பதைக் கவனித்தேன். இந்த உத்தியை யோசித்தபோது எனக்கே புல்லரித்தது. கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப் போனது.

பதினொன்றேகால் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மூன்று ரோபோக்களும் கூடத்தின் கோடியில், எனக்கு வெகு தூரத்தில், மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. பிறகு என் பக்கமாக ஊர்ந்து வந்தன. அடுத்த நிமிடம் கட்டுப்பாட்டு அறையின் சிவப்பு விளக்கு எரிந்தது. வரிகள் அறுந்துவிட்டன.

நான் துள்ளி எழுந்தேன். எழுந்ததாக நினைத்தேன் என்பதே சரி. மரத்த கால் மடங்கி, திறந்து கிடந்த கருவிப் பெட்டி மேல் விழுந்து, ஸ்க்ரூடிரைவர்கள் சூழக் கட்டுப்பாட்டு அறைக்கு நொண்டி ஓடினேன். செய்தி கேட்டுத் தோட்டத்திலிருந்து இயக்குநரும் ஓடி வந்துவிட்டார்.

"பாத்தீங்களா? நான் இங்கேயே இல்ல! இவ மட்டும்தான் இருந்தா!" என்றார் அவர்.

நான் குரலைத் தாழ்த்தினேன். இந்தக் குரலைக் குளியலறையில் பழகி வைத்திருக்கிறேன்.

"ஆட்டம் முடிஞ்சுது. நீங்களா உண்மையைச் சொல்லிட்டா நல்லது."

புதுசு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காத முகம்.

"எதைச் சொல்லணும் சார்? எனக்கே தெரிஞ்சா நான் முதல்ல சரி பண்ணியிருக்க மாட்டேனா? இந்த ப்ரோகிராம் எழுத அஞ்சு மாசம் ஆச்சு. நான் பெத்ததை நானே கழுத்தை நெரிப்பேனா?" கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால் துப்பறிவாளர் சங்கடப்படுவதை வெளியே காட்டக் கூடாது. "நடிப்பு நல்லாருக்கு" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"மாப்பிள்ளை, வாயை மூடுங்க" என்றார் அத்தை. "இந்தப் பொண்ணு எதையும் தொடல."

"எப்படிச் சொல்றீங்கம்மா?" என்றார் இயக்குநர் சீறலாக.

"முப்பத்தோரு வருஷமா நான் மனுஷங்க கையைத்தான் சார் பாத்திருக்கேன். யார் கை பாக்கெட்டுக்குப் போகுது, யார் கை அடுத்தவன் பாக்கெட்டுக்குப் போகுதுன்னு. சிவப்பு லைட் எரிஞ்சப்போ இவ ரெண்டு கையும் மடியில. ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பயத்துல இருக்கறவ கை அது. திருடற கை இல்ல."

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். அதில் துப்பு ஒன்றும் இல்லை.

அத்தை புதுசுவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஏம்மா, லைட் எரியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நடுவுல இருக்கறது லேசாத் திரும்புச்சே, எதுக்கு?"

"திரும்புச்சா?"

"யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புவோமே, அப்படித் திரும்புச்சு."

புதுசு பதிவுகளைத் திறந்தாள். விரல்கள் வேகமாகத் தட்டின. அன்றைய ஓட்டத்தில் நடுவர் ஐந்து டிகிரி திரும்பியிருந்தது. முந்தைய நாட்களிலும் அதேபோல, வரி அறுவதற்கு முன்னால் மூன்று, நான்கு டிகிரி. வரி அறுந்ததையே எல்லோரும் பார்த்திருந்தார்கள். திரும்பியதை ஒருவரும் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றார் அத்தை.

"எல்லா நாளும் ஒரே பக்கம்தான். கண்ணாடிச் சுவர் பக்கம்."

"இன்னிக்குக் கண்ணாடிக்கு வெளியே யார் இருந்தா?"

அறையில் இருந்த மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் திருதிருவென விழித்தேன்.

"மாப்பிள்ளை, போய் மறுபடி அதே இடத்துல உக்காருங்க."

போய் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் அத்தையின் குரல் வந்தது. "எழுந்து இடது பக்கமா நடங்க." நடந்தேன். கூடத்துக்குள்ளே நடுவர் தன் ஒற்றைக் கண்ணோடு மெல்ல என் பக்கம் திரும்பியது. நான் நின்றால் அது நின்றது. நான் நடந்தால் அது பின்தொடர்ந்தது. திருமணமாகிப் பதினாறு வருடத்தில் என்னை இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை. சொக்கிப்போய் இரண்டு தடவை அதிகமாகவே நடந்தேன்.

"போதும், அதுக்கு மயக்கம் வந்துடும். சட்டையைக் கழட்டுங்க."

கழற்றினேன். நடுவருக்கு என் மேல் இருந்த ஆர்வம் அந்த நொடியே போய்விட்டது.

புதுசு கட்டுப்பாட்டு அறையை விட்டு ஓடி வந்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் உயிர் இருந்தது. "பட்டை! சட்டையில இருக்கற வெள்ளிப் பட்டை! நடுவரோட கண்ணுக்குப் பக்கத்துல ஒரு சின்ன லைட் விட்டு விட்டு எரியும் சார். இடது மேலயும் வலது மேலயும் சின்னச் சின்ன வில்லை ஒட்டியிருக்கோம். லைட் அதுல பட்டு வந்த வழியே திரும்பி வரும். அதை வெச்சுத்தான் கூட்டாளி எங்க இருக்காங்கன்னு நடுவர் தெரிஞ்சுக்கும். ராத்திரியில ரோட்டுல வேலை பாக்கறவங்க சட்டை வண்டி வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரியுமே, அதே சரக்கு. உங்களையும் கூட்டாளின்னு நினைச்சுக்கிட்டு திரும்பியிருக்கு."

ஆக, குற்றவாளியைப் பிடிக்க நான் விரித்த வலையில் நானே குற்றவாளி. மூன்று கடை ஏறி இறங்கித் தேடிய சட்டை. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. பிளக்கவில்லை.

புதுசுவின் பின்னாலேயே அத்தையோடு வந்த இயக்குநர் கைகளைத் தட்டினார். "அப்போ இன்னிக்கு இவரு. சரி. மத்த பத்து நாள்? அப்போ இவரு இந்தச் சட்டையே போடலையே. இவ ஷிப்டுல மட்டும் ஏன் நடக்குது? மத்த ரெண்டு பேர் ஷிப்டுல ஒரு தடவைகூட வரி அறுந்ததில்ல. அதுக்கு என்ன பதில்?"

நியாயமான கேள்வி. எனக்கு மறுபடி புதுசுவின் மேல் சந்தேகம் துளிர்த்தது. அவள் வேண்டுமானால் பட்டையை யாரிடமாவது கொடுத்து... என் மூளை இந்தத் திசையில் சந்தோஷமாக ஓடியது. நல்லவேளையாக அத்தை பேசினார்.

"சார், மத்த ரெண்டு பேர் ஷிப்டு நடக்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

"என் ரூம்ல. அவங்க ரெண்டு பேரும் பத்து வருஷமா இருக்காங்க. பக்கத்துல நிக்க வேண்டிய அவசியமே இல்ல."

"இவ ஷிப்டுல?"

"இங்கதான். இதே நடைபாதையில. புதுசு இல்லையா, ஒரு கண் வெச்சிருக்கணுமே. டாக்டரும் தினம் அரை மணி நடக்கச் சொல்லியிருக்காரு. இப்படிப் போயிட்டு அப்படி வருவேன்."

"எத்தனை நாளா நடக்கறீங்க?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

"கொஞ்சம் நடந்து காட்டுங்க சார்."

"எதுக்கு?"

"நடங்க சார். நடக்கறதுக்கு டிக்கெட் கேக்க மாட்டேன்."

புதுசு உள்ளே போய்த் திரை முன் அமர்ந்தாள். இயக்குநர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாடி ஓரமாக நடந்தார். கூடத்தில் நடுவர் தலை திருப்பியது. அவர் போன பக்கமே போனது. கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் நின்றுவிட்டார். நாங்கள் எல்லோரும் அவர் காலைப் பார்த்தோம். நடைப்பயிற்சிக்கென்றே வாங்கிய புத்தம் புது ஷூ. இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்கு வெள்ளிப் பட்டை, இருட்டில் நடந்தாலும் வண்டிக்காரர்களுக்குத் தெரியட்டும் என்று. கூடத்துக்குள் மோதிரம்கூடப் போகக் கூடாது என்று விதி எழுதியவர் அவர்தான். நடைபாதை கூடத்தில் சேர்த்தியில்லை என்பதால் அந்த விதி அவர் காலைத் தொடவில்லை.

"என் பொண்ணு வாங்கிக் கொடுத்தது" என்றார் மெதுவாக. முகத்தில் ஈயாடவில்லை.

அவருடைய மூளை என்னுடையதைப் போல இல்லை, சொல்லாமலே முழுக் கணக்கையும் போட்டுவிட்டது. அவள் மேல் நம்பிக்கை இல்லாததால் அவள் ஷிப்டில் மட்டும் நடந்தார். அவர் நடந்ததால் அவள் ஷிப்டில் மட்டும் கெட்டது. கெட்டதால் நம்பிக்கை இன்னும் குறைந்தது. குறையக் குறைய இன்னும் அதிகமாக நடந்தார்.

"பத்து நாள்" என்றார். அப்படியே சுவரோரம் உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை, பாவமாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே பெண்ணிடம் குரலைத் தாழ்த்தி வசனம் பேசியவன் நான். எந்த முகத்தோடு கோபப்படுவது?

மூன்று மணிக்கு நிபுணர் குழு வந்தது. நான்கு பேர். தலைவி கறாரான அம்மாள். கையில் ஒரு குறிப்பேடு. புதுசு ஓட்டத்தைத் தொடங்கினாள். இயக்குநர் காலுறையோடு அறையின் மூலையில் நின்றார். இரண்டு மணி நேரமாக அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வாயெடுப்பார், உடனே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

மூன்று இருபதுக்குத் திரையில் வரிகள் விழுந்தன. கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. ரோபோக்கள் நகர்ந்தன. வரிகள் நகரவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம், முப்பது நிமிடம். அத்தை என் கையைப் பிடித்திருந்தார். விஞ்ஞானம் எனக்குப் பிடிபடாது என்பது முதல் நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த வரிகளிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

தலைவி குறிப்பேட்டைப் புரட்டினார். "இன்னிக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா பதினோரு நாளா திரும்பத் திரும்பக் கெட்டிருக்கே. யாரோட தப்பு?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தேன். வாயைத் திறந்தேன். அத்தை என் காலை மிதித்தார்.

"என்னோடது" என்றார் இயக்குநர். மூலையை விட்டு முன்னால் வந்தார். "மிஷின்ல கோளாறு இல்ல. இவங்க வேலையிலயும் கோளாறு இல்ல. நான் இவங்களை நம்பல. நம்பாம வெளியே நடந்துக்கிட்டே இருந்தேன். என் ஷூவுல இருந்த பட்டை நடுவரைக் குழப்பிடுச்சு. பழியை இவங்க மேல போட்டேன். எழுத்துல போடவும் தயாரா இருந்தேன்." சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான்காக, எட்டாக மடித்தார். பிறகு புதுசுவின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடுங்கம்மா. இதை மதியமே சொல்லியிருக்கணும். வாய் வரல."

புதுசு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓட்டம் இன்னும் முடியவில்லை. கண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். பிறகு யாருமே எதிர்பார்க்காததைச் சொன்னாள்.

"என் பேர்லயும் தப்பு இருக்கு மேடம். பளிச்சுன்னு எது தெரிஞ்சாலும் கூட்டாளின்னு நம்பற மாதிரி ப்ரோகிராம் எழுதினது நான்தான். மேல போனதுக்கப்புறம் ஏதாவது உடைஞ்ச தகடு பக்கத்துல பறந்து வந்தா, அதையும் நம்பித் திரும்பிடும். அங்க போய் யாரு சரி பண்றது? தரையிலயே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. நம்ம ஆளு எது, ஷூ எதுன்னு அதுக்குக் கத்துக் கொடுக்கணும்."

பழி நீங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நானாக இருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். வாழ்க்கையில் நானாக வாயை மூடியிருக்கக்கூடிய ஒரே இடம் அது.

தலைவி முதல் தடவையாகப் பேனாவின் மூடியைத் திறந்தார். "எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு நாள்" என்றாள் புதுசு.

தலைவி நம்பவில்லை என்பது அவர் புருவத்தில் தெரிந்தது. அனுபவமுள்ளவர் சொல்லட்டும் என்பது போல இயக்குநரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. எத்தனை நாள் போட்டுக்கலாம்?"

இயக்குநர் பழக்க தோஷத்தில் ஒரு வாரம் என்று சொல்ல வாயெடுத்தார். அந்த 'ஒ' வரை எனக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டார். மடித்த கடிதத்தைக் குப்பைக் கூடையில் போட்டார்.

"அவங்க ரெண்டு நாள்னா ரெண்டு நாள்தான். இந்த ரெண்டு நாளும் நான் லீவு."